மூன்று மணிக்கு முன் பின்வலித்தேன்

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தேர்தலில் நின்றிருக்கிறேன். வீடு வீடாகப் போய், கைகூப்பி, தயவுசெய்து எனக்கு ஓட்டுப் போட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். அந்தக் கெஞ்சலை மதிக்காமல் இருபத்துமூன்று பேர் எனக்குப் போட்டுவிட்டார்கள். ஜெயிக்கப் பார்த்துத் தோற்றவர்கள் நாட்டில் ஏராளம். தோற்கப் பார்த்து அதைக்கூட உருப்படியாகச் செய்யத் தெரியாதவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம். சொந்த ஊர் வள்ளியூர். மனைவி ஜாஸ்மினுக்குக் கேரளத்து நெய்யாற்றின்கரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. அதை விட முடியாது என்று அவள் சொன்னாள். என் வேலையை விடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படியாக ஒரு பெட்டியோடு பாறசாலையில் ரயில் இறங்கி, நெய்யாற்றின்கரைக்குக் கிழக்கே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த மாமனார் வீட்டில் குடியேறினேன். டவுனில் ஒரு டைல்ஸ் கடையில் விற்பனையாளனாகச் சேர்ந்தேன்.

மலையாளம் எனக்கு ஒரு பிரச்சினையாகவே படவில்லை. கடையில் நான் பேச வேண்டியிருந்த வார்த்தைகள் கிளாஸ், மேட், ஸ்கொயர் ஃபீட், ஃப்ரீ டெலிவரி. நான்கும் மலையாளத்தில் எனக்குச் சரளமாக வந்தன. தமிழை மூக்கு வழியாகப் பேசினால் மலையாளம் என்பது என் கொள்கை. அதை வள்ளியூரில் போய்ச் சொல்லிப் பெருமையும் பட்டிருக்கிறேன். புரியாத சொல் வந்தால் யாரிடமும் கேட்க மாட்டேன். தலையை ஆட்டிவிட்டு நானே ஒரு அர்த்தம் கண்டுபிடித்துக்கொள்வேன். (கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.)

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். என் பெயர் ஞானதாஸ். மாமனார் பெயரும் ஞானதாஸ். பெண் பார்க்க வந்தபோது இதைப் பெரிய பொருத்தமாகச் சொல்லி இரண்டு வீட்டாரும் சிரித்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் ஒவ்வொரு போனிலும் எந்த ஞானதாஸ் என்று விசாரிக்க வேண்டியிருந்தது. ஊர்க்காரியம் என்றால் பெரியவர், டைல்ஸ் என்றால் நான்.

மாமனார் கரண்ட் ஆபீசில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வார்டில் அவர் ஏறாத கம்பம் இல்லை. ஏற்கெனவே இரண்டு முறை பஞ்சாயத்துத் தேர்தலில் சுயேச்சையாக நின்று, இரண்டு முறையும் கொஞ்சத்தில் தோற்றிருந்தார். அவருக்குப் பதவி ஆசை கிடையாது. அவருக்கு வேண்டியது ஒரு பாலம். எங்கள் வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு கால்வாய் ஓடுகிறது. அதைக் கடக்க அன்றைக்கு இருந்தது ஒற்றைக் கற்பலகை. ஒருநாள் மாமியாருக்கு நெஞ்சுவலி வந்தபோது ஆம்புலன்ஸ் அக்கரையில் நின்றுவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்து நான்கு பேர் அந்தக் கல்மேல் தூக்கிக்கொண்டு போனார்கள். நாற்காலியின் ஒரு காலைப் பிடித்திருந்தவர் மாமனார். அதிலிருந்து அவருக்குப் பாலம் என்ற ஒரே பேச்சு. மூன்றாவது முறையும் தோற்றால் இனி நிற்கப்போவதில்லை என்றும் சொல்லியிருந்தார். எனவே அந்தத் தேர்தல் எங்கள் வீட்டுக்கு எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குப் புரியும். எனக்கும் அன்றைக்குப் புரிந்துதான் இருந்தது.

அவருடைய தேர்தல் மூளையாக இருந்தவர் தங்கையன் மாமா. சொந்த மாமா அல்ல, மாமனாரின் கூட்டாளி. அவர்தான் ஒருநாள் காலையில் வந்து என் தோளில் கைபோட்டார்.

"எலே மக்கா, நீ டம்மியாட்டு நிக்கணும்."

நான் அப்போதைக்கு அதை என்னைப் பற்றிய பொதுவான அபிப்பிராயம் என்று நினைத்துக்கொண்டேன்.

"மாமனுக்க பத்திரிகை ஏதாவது குற்றம் சொல்லி தள்ளிப்போச்சுன்னா, நமக்கு வேற ஒரு ஆளு வேணுமில்லியா. அதுக்காக்கும் டம்மி. பிறவு ஒதுங்கிப் போயிரலாம்."

(பத்திரிகை என்றால் அங்கே வேட்புமனு. நான் யாருக்குக் கல்யாணம் என்று கேட்க வாயெடுத்து, வழக்கம்போல அடக்கிக்கொண்டு தலையை ஆட்டினேன்.)

"வேற யாரும் கிடைக்கலியா மாமா?" என்றேன்.

"கிடைப்பாங்க. ஆனா உனக்க பேரு கிடைக்காதுல்லா. சுவரு முழுக்க ஞானதாஸ்னு எழுதியாச்சு. மாமன் போயி நீ வந்தாலும் சுவரு அழிக்கண்டாம். புத்தி எனக்காக்கும்."

என்னுடைய அரசியல் நுழைவுக்குக் காரணம் என் தகுதியல்ல, சுண்ணாம்பு மிச்சம். இருந்தாலும் பெருமையாகத்தான் இருந்தது. நானும் மனு கொடுத்தேன். இரண்டு மனுவையும் ஒரு குற்றமும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். இனி டம்மி விலக வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் எனக்கு விளக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால். நானும் கேட்கவில்லை, எல்லாம் தெரிந்தவன் என்பதால்.

விலகுவதற்கான கடைசி நாளன்று மாமனாரும் தங்கையன் மாமாவும் ஒரு வீடு பிரதிஷ்டைக்கு, அதாவது புதுமனை புகுவிழாவுக்கு, திருப்புறம் போயிருந்தார்கள். நான் கடையில் இருந்தேன். ஒரு மணி வாக்கில் தங்கையன் மாமாவிடமிருந்து போன் வந்தது. பின்னணியில் பாட்டும் பாத்திரச் சத்தமும் கேட்டன.

"மக்கா, மறந்திராத. இன்னைக்கு மூணு மணிக்கு முன்ன நீ பஞ்சாயத்து ஆபீசுல போயி பின்வலிக்கணும் கேட்டியா."

"என்ன செய்யணும் மாமா?"

"பின்வலிக்கணும்டே! ஆபீசருக்க முன்னால நீ நேராட்டு போணும். நீ பின்வலிச்சாத்தான் மாமன் ரட்சப்படுவாரு. வச்சிரட்டா, சோறு வெளம்புதாவ."

போனை வைத்துவிட்டார். நான் டைல்ஸ் அடுக்கில் சாய்ந்து யோசித்தேன். தங்கையன் மாமா என்னிடம் பேசுவது தமிழ். தமிழில் பின் என்றால் பின்பக்கம். வலிக்கணும் என்றால் வலிக்க வேண்டும். அதாவது, மூன்று மணிக்குள் அதிகாரி முன்னால் நேரில் போய் எனக்கு முதுகு வலிக்க வேண்டும்.

முதலில் கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருந்தது. ஆனால் என் மூளை எப்பேர்ப்பட்ட அபத்தத்துக்கும் பத்து நிமிடத்தில் காரணம் கண்டுபிடிக்கும். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும்போது உடம்பு சரியில்லாதவனைத் தள்ளிவிடுகிறார்கள். போலீஸ் வேலைக்கும் அப்படியே. அப்படியானால் வேட்பாளருக்கும் ஏதோ தேக ஆரோக்கிய விதி இருக்கும். முதுகு வலிக்கிறவன் வார்டு முழுக்க நடக்க முடியாது என்று அதிகாரி பெயரை அடித்துவிடுவார். சும்மா வேண்டாம் என்று சொன்னால் விட மாட்டார்கள், அதனால்தான் இந்த ஏற்பாடு. தங்கையன் மாமாவின் தந்திரத்தை நினைத்து வியந்தேன். கடையில் அரை நாள் லீவு சொன்னேன்.

இரண்டு மணிக்குப் பஞ்சாயத்து ஆபீஸ் படியில் ஏறும்போதே ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டேன். உள்ளே இரண்டு மூன்று பேர் மேஜையருகில் நின்று ஏதோ தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் எந்த வலியும் இருப்பதாகத் தெரியவில்லை. அனுபவம் இல்லாதவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

தேர்தல் அதிகாரி வேறு ஏதோ இலாகாவிலிருந்து வந்தவர், வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தார். "எந்தா?" என்றார்.

இந்த இடத்தில்தான் விதி எனக்கு ஒரு கடைசிச் சலுகை கொடுத்தது. போனில் கேட்ட சொல்லை அப்படியே, ஒரு எழுத்து மாற்றாமல், அவரிடம் சொல்லியிருந்தால் போதும். அவரே ஒரு தாளை நீட்டியிருப்பார், கதை முடிந்திருக்கும். ஆனால் ஒரு கேரள அதிகாரியிடம் போய்த் தமிழில் பேசுவதா? எனக்கு மலையாளம் தெரியாதா? மாமியார் தினமும் இடுப்பில் தைலம் தேய்க்கும்போது சொல்லும் சுத்தமான மலையாளச் சொல் ஒன்று என் கைவசம் இருந்தது.

"நடுவேதன, சாரே," என்றேன்.

"எந்து?"

"நடுவேதன. பயங்கரம். நிக்கான் வய்யா." நிற்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு ஒரு முனகல் முனகினேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பியூனைக் கூப்பிட்டு ஒரு நாற்காலி போடச் சொன்னார். தண்ணீரும் வந்தது. நான் விடவில்லை. "சார் நோட் பண்ணியோ?" என்று கேட்டேன்.

"நோட் பண்ணி, நோட் பண்ணி," என்றார் அவர், அடுத்த ஆளின் தாளை வாங்கியபடி.

நோட் பண்ணியாகிவிட்டது. இருந்தாலும் மூன்று மணிவரை ஒழுங்காக வலிப்பதுதான் முறை என்று தோன்றியது. ஒரு மணி நேரம் அந்த நாற்காலியில் இருந்து வலித்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதிகாரியின் கண்ணில் படும்படி இடுப்பைப் பிடித்தேன். ஒரு அம்மாள் தன் பையிலிருந்து களிம்பு எடுத்துக் கொடுத்தார், அதையும் தடவிக்கொண்டேன். பியூன் வந்து பக்கத்தில் உள்ள வைத்தியரின் பெயரைச் சொன்னார். சுவர்க்கடிகாரத்தில் மூன்று அடித்ததும் அதிகாரி கோப்பை மூடினார். நான் விருட்டென்று எழுந்து, நிமிர்ந்து, எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, படியில் இரண்டிரண்டாக இறங்கி நடந்தேன். அந்த அம்மாள் களிம்பு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போனால் திருப்புறம் கோஷ்டி திரும்பியிருந்தது. தங்கையன் மாமா வாசலிலேயே கேட்டார்.

"பின்வலிச்சியா மக்கா?"

"வலிச்சேன் மாமா. ஒரு மணி நேரம் வலிச்சேன். ஆபீசரே நோட் பண்ணிக்கிட்டாரு."

"ஒரு ஒப்பு போடதுக்கு ஒரு மணிக்கூறா?"

"கையெழுத்தா? எதுக்கு?"

தங்கையன் மாமா மெதுவாக, குழந்தையிடம் கேட்பதுபோல, நான் அங்கே என்ன செய்தேன் என்று கேட்டார். நான் செய்து காட்டினேன். முனகலையும் விட்டுவைக்கவில்லை. ஜாஸ்மின்தான் முதலில் புரிந்துகொண்டாள். பின்வலிக்குக என்றால் மலையாளத்தில் வாபஸ் வாங்குவது என்று அவள் விளக்கியபோது, எனக்கு நிஜமாகவே முதுகு வலிக்க ஆரம்பித்தது.

தங்கையன் மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மாமனார் தோளில் இருந்த துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு உள்ளே பார்த்து மாமியாரிடம் சொன்னார்: "ஏட்டி, கேட்டியா? உனக்க மருமவன் எனக்கு எதிரா நிக்கியாரு."

பல ஆண்டுகள் கழிந்தும் அந்தக் குரலை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. திட்டியிருக்கலாம்.

அதற்கப்புறம் எல்லாம் இன்னும் மோசமாகிக்கொண்டே போனது. மாமனாருக்குக் கிடைத்த சின்னம் குடை. எனக்குக் கிடைத்தது ஊன்றுகோல். படத்தில் இரண்டுக்கும் ஒரே மாதிரி வளைந்த பிடி. மெஷினில் பெயர்கள் மலையாள அகரவரிசைப்படி வருமாம். அவர் டி. ஞானதாஸ், நான் எஸ். ஞானதாஸ். எகரம் முந்தி என்பதால் என் பெயர் மேலே, அவர் பெயர் கீழே. கண் மங்கிய ஒருவர் ஞானதாஸ் என்ற பெயரைத் தேடினால் முதலில் அகப்படுவது நான். இப்படி ஒரே பெயரில் ஆளை நிறுத்தி எதிரியின் ஓட்டைப் பிரிப்பதற்குக் கேரளத்தில் அபரன் என்று பெயர். எதிர்க்கட்சிக்காரன் தேடி அலைந்து, கெஞ்சிக் கூத்தாடிக் கண்டுபிடிக்க வேண்டிய அபரனை எங்கள் வீட்டில் நாங்களே சோறு போட்டு வளர்த்து நிறுத்திவிட்டோம்.

எதிர்த்து நின்ற முக்கியமான ஆள் பலசரக்குக் கடை சுகுமாரன். அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரும்போதெல்லாம் என்னைப் பார்த்துப் பிரியமாகச் சிரிக்க ஆரம்பித்தார்.

பரிகாரமாக, கடையில் லீவு போட்டுவிட்டு எனக்கு எதிராகப் பிரசாரத்தில் இறங்கினேன். தங்கையன் மாமா நோட்டீஸ் அடித்தார். "எஸ். ஞானதாஸுக்கு வாக்களிக்காதீர்கள். இப்படிக்கு, எஸ். ஞானதாஸ்." அதை எடுத்துக்கொண்டு ஒரு வீடு விடாமல் ஏறினேன். ரப்பர் வெட்டிவிட்டு வந்து முற்றத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் நோட்டீஸை இரண்டு முறை படித்தார்.

"எனக்கு ஓட்டு வேண்டாம்யா. மாமாவுக்குப் போடுங்க. குடை," என்றேன்.

"மக்கா, நான் ஓட்டு போட தொடங்கின காலத்தில இருந்து வந்தவனெல்லாம் எனக்கு போடு, எனக்கு போடுன்னாக்கும் சொல்லியது. வேண்டாம்னு சொல்லியவன் நீ ஒருத்தனாக்கும்." அவர் என்னை மரியாதையோடு பார்த்தார். "இப்பிடி ஒரு ஆளுக்கு போட்டு பாக்கணும்."

"ஐயோ, போடாதீங்க!"

"பாத்தியா, பாத்தியா," என்றார் அவர், உள்ளே இருந்த மனைவியிடம். "எத்தன பணிவு!"

இன்னொரு வீட்டில் ஒரு அம்மாள் எனக்குக் காப்பி கொடுத்து, குரலைத் தாழ்த்தி, மாமனுக்கும் எனக்கும் சொத்தில் என்ன தகராறு என்று விசாரித்தார். ஒன்றுமில்லை என்றேன். "சொல்லண்டாம் மக்களே, எனக்கு மனசிலாயி. வந்து கேறின வீட்டில உள்ள கஷ்டம் எனக்கும் தெரியும். எனக்க ஓட்டு உனக்காக்கும்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் எவ்வளவு மறுத்தேனோ அவ்வளவு இரக்கம் சம்பாதித்தேன். நான்கு நாளில் தங்கையன் மாமா என்னைப் பிரசாரத்திலிருந்து விலக்கினார். அதற்காவது ஒப்புப் போட வேண்டியிருக்கவில்லை.

ஓட்டு எண்ணியது பெருங்கடவிளையில். சுகுமாரன் மாமனாரைவிட ஆறு ஓட்டு அதிகம் வாங்கி ஜெயித்தார். எனக்கு இருபத்துமூன்று. கணக்கு டைல்ஸ் விற்கிறவனுக்கே புரியும். திரும்பி வரும்போது ஜீப்பில் நான் கடைசி சீட்டில், கொடிக்கம்புகளோடு உட்கார்ந்து வந்தேன். மாமனாரின் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு மனிதனுக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே ஆசையைக் கெடுத்தவன் நான் என்று நினைத்தபோது, வள்ளியூருக்கே ஓடிவிடலாமா என்றிருந்தது.

அன்று சாயங்காலம் வெற்றி ஊர்வலம் செண்டைமேளத்தோடு கால்வாய்க்கு அக்கரையில் வந்து நின்றது. சுகுமாரன் ஒற்றைக் கல்லைக் கடந்து எங்கள் முற்றத்துக்கு வந்தார். மாமனாரைப் பார்க்க வருகிறார் என்று நினைத்து நான் ஒதுங்கினேன். அவர் நேராக என்னிடம் வந்தார். தன் கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டுக் கட்டிப்பிடித்தார்.

"இந்த ஜெயம் உன்றெயாக்கும், மோனே!"

அக்கரையில் கைதட்டினார்கள். என் கல்யாணத்தன்றுகூட எனக்கு அவ்வளவு பெரிய மாலை போடவில்லை. மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்தார். ஏதோ நடக்கப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சுகுமாரா," என்றார் மாமனார். "மாலையை வச்சு ஏமாத்தாத. எங்க வீட்டு ஆளாலயாக்கும் நீ ஜெயிச்சது, இத்தன பேருக்க முன்னால நீயே சொல்லியாச்சு. அப்ப எங்களுக்கு பாலம் கெட்டித் தா."

செண்டை நின்றுவிட்டது. சுகுமாரன் அக்கரையைப் பார்த்தார், இக்கரையைப் பார்த்தார், என் கழுத்து மாலையைப் பார்த்தார். "கெட்டித் தராம் அண்ணா. சத்தியமாட்டு," என்றார்.

சொன்னாரே தவிர உடனே ஒன்றும் நடக்கவில்லை. மாமனார் அதற்கும் வழி வைத்திருந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னை அனுப்புவார். "நீ ஒண்ணும் பேசண்டாம். உனக்கு பேசவும் தெரியாது. போயி அவனுக்க கடைக்கு முன்னால நில்லு. உன்னைப் பாத்தா அவனுக்கு நினைவு வரும்." நானும் போய் நிற்பேன். வெங்காயம் வாங்க வந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டுச் சுகுமாரனைப் பார்ப்பார்கள். சுகுமாரன் தராசைப் பார்ப்பார். இப்படி இரண்டு வருடத்துக்குமேல் நின்றேன். மூன்றாவது வருடம் பாலம் வந்தது, கைப்பிடிச் சுவரோடு, ஆம்புலன்ஸ் போகிற அகலத்தில்.

பாலம் திறந்த அடுத்த வாரம் மாமியாரை செக்கப்புக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. ஜாஸ்மினுக்கு டூட்டி, மாமனாருக்கு வேறு வேலை. எங்கள் முற்றம்வரை முதன்முதலாக ஒரு ஆட்டோ வந்தது. நானும் அவரும் ஏறினோம். பாலத்தின் நடுவில் போகும்போது நான் மனதில் நெடுநாளாகக் கிடந்ததைச் சொன்னேன்.

"அத்தை, மாமா ஜெயிச்சிருந்தா இது அவரு பேர்ல வந்திருக்கும். நான் கெடுத்துட்டேன்."

அவர் வெளியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ ஒண்ணும் கெடுக்கல்ல மக்கா. நான் உனக்காக்கும் போட்டேன்."

ஆட்டோ சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். "எனக்கா? கண்ணு சரியா தெரியாம மாத்திப் போட்டுட்டீங்களா?"

"கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. தெரிஞ்சுதான் போட்டேன். சபையில மாதர் சங்கத்திலயும் பதினோரு பேருட்ட சொன்னேன், எனக்க மருமவனுக்கு போடுங்கன்னு."

நான் ஆறையும் பதினொன்றையும் மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். விடை எப்படிப் பார்த்தாலும் ஒன்றுதான்: மாமாவைத் தோற்கடித்தது நானல்ல.

"ஏன் அத்தை?"

"தோத்தப்பமே அந்த மனுஷன் ஒரு மாசம் உறங்கல்ல. ஜெயிச்சிருந்தா அஞ்சு வருஷம் உறங்காது. எவனுக்க வீட்டுக்கு கரண்டு வரல்லன்னாலும் இவரு போயி கம்பத்தில கேறும். எனக்கு பாலம் வேணும்னு ஊரு முழுக்க சொல்லிட்டு நடந்தாரு, எனக்கிட்ட ஒருநாளும் கேக்கல்ல. எனக்கு ஆளு வீட்டில இருந்தா போரும்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "யாருட்டயும் சொல்லிராத, கேட்டியா? பாவம், தாங்கமாட்டாரு."

நான் சொல்லவில்லை. மாமனார் அதன் பிறகு தேர்தலில் நிற்கவும் இல்லை. சாப்பாட்டுக்கு நேரத்தில் வருகிறார், மத்தியானம் உறங்குகிறார், சாயங்காலம் அந்தப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து போகிற வண்டிகளைப் பார்க்கிறார்.

இன்றைக்கும் கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் கூடினால் என் கதைதான் முதல் அயிட்டம். ஜாஸ்மினின் அண்ணன் பிள்ளைகள் இடுப்பில் கைவைத்து "நடுவேதன சாரே" என்று நடித்துக் காட்டுவார்கள். பெரியவர் ஜெயித்திருந்தால் மந்திரியாகியிருப்பார், இந்த மருமகனால் போச்சு என்று புதிதாக வந்த சம்பந்திகளுக்கு யாராவது விளக்குவார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பது மாமியார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அதைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், சட்டியிலிருந்து பெரிய நெய்மீன் துண்டாகப் பார்த்து எடுத்து என் தட்டில் வைப்பார்.

"இவளுக்கு மருமவன்மேல உள்ள பிரியம் பாத்தியளா," என்பார் மாமனார்.

நான் குனிந்து மீனைச் சாப்பிடுவேன்.